இரண்டாவது மாதம்

எஸ்.பி.எம். என்னும் மலேசியப் பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வரும் வாரத்தில் என் கைப்பேசி ஓயாது. "சார், பையனுக்கு அவ்வளவா மார்க் வரல, உங்ககிட்ட சேர்த்துக்குவீங்களா?" என்று எங்கள் ஊரான சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து அப்பாக்கள் கூப்பிடுவார்கள். பின்னாலிருந்து அம்மாவின் குரலும் கேட்கும்: "நல்லா உழைக்கணும்னு நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க சார்." பதினெட்டு வருடங்களாக வயரிங் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் புத்தியை மட்டும் நான் சொல்வதில்லை.

தோட்டத்துப் பிள்ளைக்கு உழைப்பைப் பற்றி நான் என்ன சொல்ல? இருட்டோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன பாட்டியின் கதையைக் கேட்டு, செம்பனைக் குலை வெட்டிவிட்டுத் தோள்வலியோடு வரும் அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் அவன். முப்பது வருடம் உழைத்துவிட்டு, வேலை நின்றதும் தோட்டத்து வீட்டையும் காலி செய்தவர்கள் அவன் சொந்தத்திலேயே இருப்பார்கள். உழைத்தால் உயரலாம் என்று அவனிடம் சொன்னால் மனதுக்குள் சிரித்துக்கொள்வான். நியாயம்தான். அந்தக் குடும்பங்களில் உழைப்புக்குக் குறைவில்லை, அது எங்கும் சேரவில்லை.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் அந்நாளைய அமைச்சரும் எங்கள் ஊர்க்காரருமான துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் அவர் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய காசைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அதே ஆட்கள், அதே வேலை, ஆனால் காசு போய்ச் சேர்ந்த இடம் வேறு.

இன்றைய பிள்ளைக்கு அப்படிச் சேரும் இடம் கையில் இருக்கும் தொழிலும் அதற்கான சான்றிதழும். மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., 1, 2, 3 என்று படிப்படியாகப் போகும். நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. வயரிங்கில் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ்களும் உண்டு. ஒற்றை ஃபேஸுக்கு பி.டபிள்யூ.2, மூன்று ஃபேஸுக்கு பி.டபிள்யூ.4. எஸ்.பி.எம்.மில் மலாய்மொழியோ வரலாறோ போய்விட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தாள்களை மட்டும் மறுபடி எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பயிற்சியில் இருந்துகொண்டே எழுதலாம், எழுதியிருக்கிறார்கள்.

சரி, சேர்ந்தாயிற்று. முதல் மாதம் பிரச்சினை இல்லை. புதுச் சட்டை, புது டெஸ்ட் பென், புதுக் கூட்டாளிகள். இரண்டாவது மாதத்தில்தான் ஆள் குறையும்.

அந்த மாதம் முழுக்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கம்பியின் மேலுறையைச் சீவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கத்தி செம்பைத் தொட்டுவிட்டால் கீறல் விழும். கீறல் விழுந்த கம்பி வளைக்கும்போது ஒடியும், ஒடியாவிட்டால் பின்னால் அந்த இடத்தில் சூடேறும். பயந்து மேலாக்கச் சீவினால் உறை கழன்று வராது. என் அம்மா பால்மரம் சீவியவர். "ஆழமாப் போனா மரம் புண்ணாயிடும், மேலாக்கப் போனா பால் இறங்காது" என்பார். உளி எங்கே நிற்க வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும், வாயால் சொல்லத் தெரியாது. நூறு கம்பிகளைச் சீவிய பிறகு பிள்ளைகளின் கைக்கும் அது தெரிந்துவிடுகிறது. முப்பதாவது கம்பியில் எழுந்து போகிறவனை நினைத்தால்தான் எனக்கு வருத்தம்.

அவன் ஏன் போகிறான்? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). கூடப் படித்தவன் தொழிற்சாலையில் அதை வாங்கிக்கொண்டு வாரக்கடைசியில் புது மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பான். பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள்: படிக்கிற பிள்ளைக்குத் தவணையில் புது மோட்டார் எடுத்துக்கொடுக்காதீர்கள். அந்தத் தவணைதான் பாதிப் பேரை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறது. பழைய மோட்டார் போதும்.

சாதனையாளர்களின் படங்களைச் சுவரில் ஒட்டுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரியைப் பற்றி மட்டும் வகுப்பில் பேசுவேன். 2022-இல் கார் விபத்தில் கழுத்தெலும்பில் அடி, 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம். தங்கத்தைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். நடுவில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்தபோது அவர் என்ன செய்திருப்பார் என்று கேட்பேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு பையன் பயிற்சிப் பலகையில், மின்சாரம் கசியாமல் கம்பியின் உறை தாங்குகிறதா என்று பார்க்கும் இன்சுலேஷன் டெஸ்ட் செய்தான். 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும்போது மின்தடை குறைந்தது ஒரு மெகா ஓமாவது காட்ட வேண்டும். அவனுக்குச் சுழியம் காட்டியது. ஒவ்வோர் இணைப்பாகப் பிரித்தான், மறுபடி கட்டினான், மறுபடியும் சுழியம். இரண்டு மணி நேரம். காரணம் எனக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரியும். ஹோல்டரிலிருந்து பல்பைக் கழற்றவில்லை, அதன் இழை வழியாகவே லைவும் நியூட்ரலும் சேர்ந்திருந்தன. தானே கண்டுபிடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒருவனைத் தனியாகத் தவிக்க விட்டுவிட்டு அதற்கு விடாமுயற்சி என்று பெயர் வைத்தது என் தப்புதான்.

அடுத்த மூன்று நாள் அவன் வரவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் தோட்டத்துக்குப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்து தொழிற்சாலை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். அவன் அம்மா உள்ளே போய்த் தேத்தண்ணி கலக்கினார்.

"தம்பி, பல்பைக் கழற்றாம டெஸ்ட் பண்ணிட்ட. அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லியிருக்கலாம்" என்றேன். வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தான். இப்போது எஸ்.கே.எம். மூன்றாம் நிலையில் இருக்கிறான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று சுழியத்தைப் பார்த்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போவதற்குள் பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் வந்தது: "டேய், முதல்ல பல்பைக் கழட்டுடா!"