ஆர்ஜென்டாஃபின்: குடலுக்குள் ஏது வெள்ளி?

குடல் கட்டிகளைப் பற்றிய ஒரு தமிழ்க் கையேட்டை நண்பர் ஒருவர் என்னிடம் நீட்டினார். சிறுகுடலில் 'வெள்ளிக்கட்டி' மெதுவாக வளருமாம். "குடல்ல எப்படிங்க வெள்ளி வளரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வெள்ளிக்கட்டி என்றால் நகைக்கடைக்காரர் தராசில் வைப்பது. ஆர்ஜென்டாஃபினோமா என்ற கட்டிப் பெயரின் தலையையும் (ஆர்ஜென்ட், வெள்ளி) வாலையும் (ஓமா, கட்டி) பெயர்த்துவிட்டு, நடுவில் இருந்த 'அஃபின்' என்பதை விழுங்கிவிட்டார் மொழிபெயர்ப்பாளர். பொருள் முழுக்க அந்த நடுத்துண்டில்தான் இருக்கிறது.

ஆர்ஜென்டம் என்றால் லத்தீனில் வெள்ளி. அஃபினிஸ் என்றால் எல்லை ஒட்டியவர், கல்யாணத்தால் வந்த உறவினர். நம் ஊரில் கொண்டான் கொடுத்தான் என்கிறோமே, அது. ஆக, வெள்ளியோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளும் செல். வெள்ளியால் ஆன செல் அல்ல. வெள்ளி ஆய்வகப் புட்டியிலிருந்து வருகிறது.

மீன், தவளை, கோழி, மனிதன் என எந்த முதுகெலும்பியின் குடலை மெல்லியதாகச் சீவிப் பார்த்தாலும், உட்சவ்வில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாளமில்லாச் சுரப்புச் செல்கள் இருக்கும். அவற்றில் ஒரு வகையைத் திசுவியல் அறிஞர் நிகோலாய் குல்சிட்ஸ்கி 1897-இல் விவரித்தார். இந்தச் செல்களில் செரோடோனின் என்ற, செய்தி கடத்தும் வேதிப்பொருள் நிறைந்த துகள்கள் உண்டு. உடலின் செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, மூளையில் அல்ல. அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை ஊற்றினால் அத்துகள்கள் வெளியுதவி இல்லாமல் வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக்கிக் கறுத்துப்போகின்றன. குடலில் வரும் கார்சினாய்டு கட்டியும் (ஆர்ஜென்டாஃபினோமா என்பது இதன் இன்னொரு பெயர்) இதே செல்களிலிருந்து எழுவது என்று நோயியல் அறிஞர் பியர் மாசோன் 1914-இல் காட்டியது இந்தக் கறுப்பை வைத்துத்தான்.

ஆம், கறுப்பு. பளபளப்பு இல்லை. தேர்தலில் விரலில் வைக்கும் மையிலும் வெள்ளி நைட்ரேட்தான் இருக்கிறது. வாக்களித்துவிட்டு வந்தவரை யாரும் 'வெள்ளிவிரல்காரர்' என்பதில்லை.

சரி, வெள்ளிக்கட்டியாவது கவனக்குறைவு. எனக்கு உண்மையில் எரிச்சலூட்டுவது ஆர்ஜென்டாஃபினுக்குச் சிலர் வைக்கும் 'வெள்ளிவிரும்பி'. கேட்க அழகாக இருக்கிறது, நீர்விரும்பி பழகிய காதுக்குச் சட்டென்று பிடித்தும்விடுகிறது. ஆனால் இந்தத் துறையில் இரண்டு சொற்கள் உண்டு: ஆர்ஜென்டாஃபின், ஆர்ஜைரோஃபில். இரண்டாவதன் வேர் கிரேக்கம். அதில்தான் 'விரும்பும்' என்ற பொருள் வருகிறது. வெள்ளிவிரும்பி என்று வைத்தே தீரவேண்டுமானால் அதற்கு வைக்கலாம். இவர்கள் இரண்டுக்கும் வைக்கிறார்கள்.

வேறுபாடு சின்னதல்ல. ஆர்ஜைரோஃபில் செல் வெள்ளியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆனால் தானே அதை உலோகமாக்கத் தெரியாது. ஹைட்ரோகுயினோன் போன்ற ஒரு வேதிப்பொருளை நாம்தான் மேலே சேர்க்க வேண்டும். முதல் வகை செல்கள் எல்லாம் இரண்டாம் வகையின் சோதனையிலும் கறுக்கும். இரண்டாம் வகை எல்லாம் முதல் சோதனையில் கறுக்காது. இரைப்பையில் ஹிஸ்டமின் சுரக்கும் செல் இரண்டாம் வகை மட்டுமே. ஒரு கட்டி குடலின் எந்தப் பகுதியில் பிறந்தது என்று யூகிக்க மருத்துவர்கள் பல காலம் இந்த வேறுபாட்டைத்தான் நம்பினார்கள்.

தனித்தமிழ்ப் பற்றுள்ள அன்பர் ஒருவர் 'வெண்பொன்விழை உயிரணு' என்று எழுதினால் என்ன என்றார். வெள்ளிக்கு வெண்பொன் என்று பெயர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் செல் என்ன செய்கிறது என்பது அப்போதும் தெரியவில்லையே ஐயா! ஒரு மூலக்கூறு எலக்ட்ரானைக் கொடுக்கிறது. அதில் விழைவு எங்கே, நாணம் எங்கே? வேர்ச்சொல்லை அப்படியே தமிழாக்கினால் கலைச்சொல் வந்துவிடும் என்று நினைப்பவர்களிடம் இதுதான் தொல்லை. லத்தீன்காரர் வைத்த உவமையைச் சுமந்துவருகிறார்கள், செயலை அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

ஓர் அயனி இப்படி எலக்ட்ரானைப் பெறுவதற்குப் பள்ளி வேதியியலில் 'ஒடுக்கம்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே ஆர்ஜென்டாஃபின் செல் 'வெள்ளி ஒடுக்கும் செல்'. இலங்கைப் பாடநூல் வழக்கில் 'வெள்ளி தாழ்த்தும் கலம்' என்று வரும், அதுவும் நன்றாகவே இருக்கிறது. இரண்டாவதற்கு முதலில் 'வெள்ளியேற்பி' என்று எழுதிப் பார்த்தேன். ஏற்பி என்றால் ஹார்மோன் வந்து அமரும் இடம் என்று ஆகிவிட்டது, அடித்துவிட்டேன். 'வெள்ளிபற்றி' என்றால் வெள்ளிக்கிழமை பற்றிய கட்டுரை போலத் தொனிக்கிறது. கடைசியில் 'வெள்ளி பற்றும் செல்' என்று பிரித்தே எழுதுகிறேன். மூன்று சொல், நீளம்தான். இருந்துவிட்டுப் போகட்டும். கட்டிக்கு 'வெள்ளி ஒடுக்கும் செல் கட்டி' போதும்.

இந்தச் செல்களின் துகள்களில் உள்ள குரோமோகிரானின் போன்ற புரதங்களை எதிர்ப்பொருள் கொண்டு தேடும் முறை வந்தபிறகு வெள்ளிச் சோதனை பெரும்பாலும் ஓரங்கட்டப்பட்டுவிட்டது, இதற்கு ஏன் இவ்வளவு சண்டை என்று நண்பர் கேட்டார். பழைய கட்டுரைகளைத் தமிழில் சொல்ல வேண்டி வருமே! இரைப்பைக் கட்டி ஒன்றைப் பற்றிய சாதாரண வாக்கியம் இது: 'இதன் செல்கள் வெள்ளியைப் பற்றின, ஆனால் ஒடுக்கவில்லை.' அதையே வெள்ளிவிரும்பி அணியினரின் சொற்களில் எழுதினேன்: 'இவை வெள்ளிவிரும்பிகள், ஆனால் வெள்ளிவிரும்பிகள் அல்ல.'