டிசம்பர் மழைக்கு முன் காரில் பார்க்க வேண்டியவை

குளிர்நாட்டுக்காரர்கள் குளிர்காலத்துக்கு முன் காரில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பட்டியல் போடுவார்கள். பனி சுரண்டும் தகடு, டயர்ச் சங்கிலி, உறையாத வாஷர் திரவம் என்று அதில் பாதி சிங்கப்பூரில் உதவாது. பேட்டரி, டயர், கண்ணாடி, கூலன்ட் என்ற மீதிப் பாதி மட்டும் இங்கேயும் பொருந்தும். காரணம்தான் தலைகீழ். அங்கே குளிர் கெடுக்கிறது. இங்கே ஆண்டு முழுக்க வெயில் சத்தமில்லாமல் கெடுத்து வைத்ததை வடகிழக்குப் பருவமழை ஒரே நாளில் அம்பலமாக்குகிறது. ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் மாதம் டிசம்பர். அந்த ஒரு மாதத்தின் நீண்டகாலச் சராசரியே 300 மில்லிமீட்டரைத் தாண்டும். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவுக்குக் கிளம்புவதும் அதே மாதத்தில்தான்.

முதலில் பேட்டரி. 12 வோல்ட் ஈய அமில பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு, ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஒரு தகட்டில் ஈயம், எதிர்த் தகட்டில் ஈய டைஆக்சைடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும். எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். குளிரில் இந்த வினை மந்தமாகும். குளிரில் எஞ்சினைக் கிளப்ப எவ்வளவு மின்னோட்டம் தரும் என்று பேட்டரி மேல் போட்டிருக்கும் சிசிஏ எண்கூட மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அளந்ததுதான். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. வேண்டாத வினைகளுக்கும் அதே கணக்குதான். நேர்மின் தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டம் அரிக்கப்படுகிறது, அமிலத்திலுள்ள நீர் குறைகிறது. குளிர்நாட்டில் ஐந்தாறு ஆண்டு உழைக்கும் பேட்டரி இங்கே இரண்டு மூன்று ஆண்டில் ஓய்ந்துபோவது இதனால்தான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டியதில்லை.

வெயிலோடு நம் ஓட்டும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. வாரநாளில் எம்ஆர்டி, சனி ஞாயிறில் மட்டும் கார் என்றால், ஐந்து நாளும் கார் வீவக பன்மாடி நிறுத்துமிடத்தில் நிற்கும். டேஷ்கேம் பார்க்கிங் மோடில் 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாளைக்கு 120 மணி நேரம், 36 ஆம்பியர்-மணி. சிறிய காரின் பேட்டரி மொத்தமே 45 ஆம்பியர்-மணி! நல்ல வேளையாக டேஷ்கேமில் மின்னழுத்தம் இறங்கினால் தானே அணையும் வசதி இருக்கும். அதை 12.2 வோல்ட்டில் வையுங்கள், 11.8-இல் வைத்தால் அது அணைவதற்குள் பேட்டரி காலியாகிவிடும். அரைகுறைச் சார்ஜில் நாள்கணக்கில் கிடக்கும் பேட்டரியில் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது.

சரி, மழை பெய்யும் நாளில் மட்டும் ஏன் கார் படுத்துக்கொள்கிறது? மழையில் முகப்பு விளக்கு, வைப்பர், ஏர்கான் ஊதி, பின்கண்ணாடிச் சூடேற்றி, ரேடியேட்டர் விசிறி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இவற்றின் கூட்டுச் சுமை 40 ஆம்பியரைத் தொட்டுவிடும். பான் தீவு விரைவுச்சாலை நெரிசலில் எஞ்சின் ஐடிலில் உறுமிக்கொண்டிருக்கும்போது ஆல்டர்னேட்டரால் தன் முழுத் திறனையும் தர முடியாது. பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டும். நலிந்த பேட்டரியாக இருந்தால், அரை மணி நேரம் ஊர்ந்து வந்து நிறுத்திய கார் மறுபடி கிளம்பாது.

இதைச் சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். முந்தைய இரவு நிறுத்திய காரைக் காலையில் கிளப்புவதற்கு முன், டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை நேர்முனையிலும் கறுப்பை எதிர்முனையிலும் தொடுங்கள். 12.6 காட்டினால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. இதோடு நிறுத்திவிடாதீர்கள். வெறும் வோல்ட் நன்றாகக் காட்டி, சுமை வந்ததும் குப்புற விழும் பேட்டரிகள் ஏராளம். வீட்டில் ஒருவரைக் காரைக் கிளப்பச் சொல்லி, ஸ்டார்ட்டர் சுழலும் அந்த ஒரு விநாடி மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே போனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டரில் குறையில்லை. புதிய கார்கள் சிலவற்றில் கணினி வேண்டுமென்றே இதைக் குறைத்து வைக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சோடா மாவு கரைத்த நீரில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்து, துடைத்துக் காயவிடுங்கள்.

சிக்னலில் தானே அணைந்து கிளம்பும் கார்களுக்கு அடிக்கடி அணைந்து கிளம்புவதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகை பேட்டரிதான் போட வேண்டும். மலிவு என்று சாதாரண வகையைப் போட்டால் சில மாதங்களிலேயே கைவிடும். ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கணினிகளை எழுப்பும் சிறிய 12 வோல்ட் பேட்டரி செத்தால் கார் அசையாது.

அடுத்தது டயர். 200 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர், 2 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 90 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். ஆக ஒவ்வொரு விநாடியும் அந்த ஒரு டயர் 10 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். தண்ணீர் போக வழி டயரின் பள்ளங்கள்தான். புது டயரில் அவை சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம். சட்டம் கேட்பது குறைந்தது 1.6. பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறு ரப்பர் மேடு டயர் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த எல்லைக்கு வந்தாயிற்று. ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போகும்போதே ஈரச் சாலையில் நிற்கும் தூரம் கணிசமாக நீள்கிறது. நம் மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவதுதான் சரி.

தண்ணீரைத் தள்ள முடியாமல் டயர் அதன்மேல் ஏறி மிதப்பதுதான் அக்குவாபிளேனிங். இது எந்த வேகத்தில் தொடங்கும் என்று 1960-களில் நாசா விமான டயர்களை வைத்து ஆராய்ந்தது. அதில் கிடைத்த விதி எளிது: காற்றழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 6.36-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். தேய்ந்த டயரும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்த மோசமான நிலைக்கான கணக்கு இது. 220 கிலோபாஸ்கல், அதாவது 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால் 94 கிலோமீட்டர். காற்று இறங்கி 172 கிலோபாஸ்கல், 25 பிஎஸ்ஐ ஆகிவிட்டால் 83. நம் விரைவுச்சாலைகள் பலவற்றில் வேக வரம்பு 90. அந்த 7 பிஎஸ்ஐ குறைவதுதான் மிதக்கும் வேகத்தை வரம்புக்குக் கீழே இறக்கிவிடுகிறது. மாதம் ஒருமுறை, ஓட்டிச் சூடேறுவதற்கு முன், ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றடியுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண் அது தாங்கக்கூடிய உச்ச அளவு; காருக்கானது அல்ல. அதே பக்கவாட்டில் 2322 போல நான்கு இலக்கம் இருந்தால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் ஆழமாக இருந்தாலும் வெயிலில் கெட்டிப்பட்ட பழைய ரப்பர் ஈரத்தில் பிடிக்காது.

மிதக்கத் தொடங்கியதும் ஸ்டீயரிங் திடீரென்று இலகுவாகும், எஞ்சின் சத்தம் காரணமில்லாமல் உயரும். அப்போது பிரேக்கைத் தொடாதீர்கள். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக் காத்திருங்கள். மழையில் குரூஸ் கன்ட்ரோல் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி விஷயத்தில் குளிர்நாட்டு அறிவுரையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே பெரும்பாலும் கண்ணாடியின் உட்புறம்தான் ஈரம் படிந்து மங்கும். சிங்கப்பூரில் வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஏர்கானை 18-இல் வைத்து, குளிர்காற்றை முன்கண்ணாடிமேல் அடித்தால் கண்ணாடி அதற்குக் கீழே குளிர்ந்து, வெளிப்புறத்தில் நீர் படியும். விரலால் தொட்டுப் பாருங்கள். உட்புறம் காய்ந்திருந்தால் வைப்பரை ஒருமுறை ஓட்டி, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, வெப்பநிலையைக் கூட்டினால் போதும். நனைந்த குடையும் ஈர உடையுமாக நாலு பேர் ஏறி உட்புறம் மங்கினால் நேர்மாறு: ஏர்கான் ஓட வேண்டும், காற்றுச் சுழற்சியை வெளிக்காற்றுக்கு மாற்ற வேண்டும். குளிர்கிறது என்று ஏர்கானை அணைப்பவர்கள்தான் கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். வைப்பர் ரப்பர் வெயிலில் வெடிக்கும், ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். பகலில் மழை கொட்டும்போது முகப்பு விளக்கைக் கையால் போடுங்கள். பகல்விளக்கு மட்டும் எரிந்தால் பல கார்களில் பின்விளக்கு எரியாது.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே உறைதல் இல்லையே என்று வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூலன்ட் கொதிநிலையை உயர்த்தும், துருவையும் தடுக்கும்.

தேங்கிய தண்ணீரில் சாலையோரக் கல்விளிம்பு மறைந்திருந்தால் உள்ளே போகாதீர்கள். காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், காற்றைப் போல அது அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி, இணைப்புத் தண்டு வளைந்துவிடும். தண்ணீருக்குள் எஞ்சின் அணைந்தால் மறுபடி கிளப்பிப் பார்ப்பதுதான் ஆகப் பெரிய செலவு. திடீர் வெள்ளம் எங்கே என்று பொதுப் பயனீட்டுக் கழகம் டெலிகிராமில் அறிவிக்கிறது; கிளம்பும் முன் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

விரைவுச்சாலையில் நின்றே போய்விட்டால்? முடிந்தவரை இடப்பக்க ஓரத் தடத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து, அபாய விளக்கைப் போட்டு, எல்லாரும் இடக் கதவு வழியே இறங்குங்கள். தடுப்புக் கம்பிக்கு அப்பால், காருக்குச் சற்றுப் பின்னால் நில்லுங்கள். பின்னாலிருந்து யாராவது மோதினால் கார் முன்னோக்கித்தான் பாயும். 90-இல் வருபவருக்கு 50 மீட்டர் என்பது இரண்டே விநாடி. எச்சரிக்கை முக்கோணத்தைத் தள்ளி வைக்கப் பாதுகாப்பாக நடக்க முடிந்தால் மட்டும் நடங்கள். மழையில் தடத்தின் நடுவே நின்றுவிட்ட கார் என்றால் முக்கோணத்தை மறந்துவிடுங்கள், உயிர்தான் முதலில். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கண்காணிப்புக் கேமராக்கள் விரைவுச்சாலைகளிலும் சுரங்கச்சாலைகளிலும் இருக்கின்றன. அதன் மீட்பு வண்டி காரைக் கட்டணமில்லாமல் அருகிலுள்ள நிறுத்துமிடத்துக்கு இழுத்துச் சென்று விடும். அங்கிருந்து பட்டறைக்குக் கொண்டுபோவது உங்கள் பொறுப்பு, ஆகவே காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணை முன்கூட்டியே கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

நிறுத்துமிடத்தில் பேட்டரி செத்துக் கிடந்தால் ஜம்ப் கேபிளை மாட்டும் வரிசை முக்கியம். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் நேர்முனையில், அதன் மறுமுனை உதவும் காரின் நேர்முனையில். பிறகு கறுப்பு உதவும் காரின் எதிர்முனையில், கடைசி முனை செத்த காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும் என்பதால்தான் இந்தத் தூரம். உதவும் காரைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு செத்த காரைக் கிளப்பி, கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுங்கள். உதவும் கார் ஹைபிரிடாகவோ மின்சாரக் காராகவோ இருந்தால் முதலில் அதன் கையேட்டைப் பாருங்கள், பல நிறுவனங்கள் இதை அனுமதிப்பதில்லை.

உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் வழியே ஜொகூருக்குப் போகிறவர்களின் தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருள் இருந்தே ஆக வேண்டும். அப்படியே கேமரன் மலைக்குப் போகிறவர்கள் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டு வேகத்தை அடக்குங்கள். எங்கே நின்றாலும் இழுவை வண்டி கேட்கும்போது நான்கு சக்கர இயக்கமா, மின்சாரக் காரா என்று சொல்லிவிடுங்கள். இவற்றைச் சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியரோ மோட்டாரோ பழுதாகும், நான்கு சக்கரத்தையும் தூக்கி ஏற்றும் தட்டு லாரிதான் வேண்டும்.