விளக்கெண்ணெயில் ஓடும் விமானங்கள்

லண்டனுக்கு வடக்கே, பெட்ஃபோர்ட்ஷயரில், ஓல்ட் வார்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரை ஒட்டிய புல்வெளி விமானத் தளத்தில் ஷட்டில்வொர்த் சேகரிப்பின் கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன. கண்காட்சி நாளில் வேலியோரம் நின்றால், முதல் உலகப்போர் காலத்து விமானம் ஒன்று கிளம்பும்போது வாடை வரும். பெட்ரோல் வாடைதான் வரும் என்று நினைப்போம். வருவது கருகிய விளக்கெண்ணெய் வாடை. குழந்தையைப் பிடித்துவைத்து வாயில் ஊற்றுவார்களே, அதே ஆமணக்கு எண்ணெய்தான்.

இந்த எண்ணெய் ஏன் எஞ்சினுக்குள் போனது என்று கேட்டுக்கொண்டே போனால், அந்தக் காலத்து விமானம் எப்படி ஓடியது என்பதில் பாதி விளங்கிவிடும். கூரையில் கம்பி கட்டித் தொங்கவிட்ட விமானத்தைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியே எழாது. இங்கே பெரும்பாலான விமானங்கள் பறக்கும் நிலையிலேயே இருக்கின்றன.

இதைத் தொடங்கிய ரிச்சர்ட் ஆர்மண்ட் ஷட்டில்வொர்த் வசதியான வீட்டுப் பிள்ளை, கார் பந்தயக்காரர். 1932-ல் அவர் வாங்கிய மாத் என்ற சிறு விமானம் இன்னும் இதே புல்வெளியில்தான் இருக்கிறது. 1940 ஆகஸ்டில் விமானப்படையின் இரவுப் பயிற்சியில் விபத்துக்குள்ளாகி இறந்தபோது அவருக்கு வயது 31. மகன் நினைவாக 1944-ல் அறக்கட்டளை அமைத்தவர் அவர் தாய் டோரதி. 1963-லிருந்து பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம்.

சரி, எஞ்சினுக்கு வருவோம்.

நமக்குத் தெரிந்த எஞ்சினில் சிலிண்டர்கள் அசையாமல் நிற்கும். பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு சுற்றும். 1908 வாக்கில் பிரான்சில் சேகன் சகோதரர்கள் உருவாக்கிய நோம் எஞ்சினில் எல்லாம் தலைகீழ். கிராங்க் தண்டை விமானத்தின் உடலோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள். சிலிண்டர்கள் அத்தனையும், ப்ரொப்பெல்லரையும் சேர்த்துக்கொண்டு, அந்தத் தண்டைச் சுற்றுகின்றன. பார்ப்பவருக்கு இது பைத்தியக்கார ஏற்பாடாகத்தான் தெரியும். பெரிய ரகங்களில் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஞ்சின், நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் முறை, விமானியின் காலுக்கு முன்னால் சுழன்றுகொண்டிருக்கிறது.

ஆனால் காரணம் இருந்தது. அன்றைய விமானத்தின் பெரிய பிரச்சினை சூடு. தண்ணீரால் குளிர்விக்கலாம் என்றால் ரேடியேட்டர், தண்ணீர் என்று எடை கூடிவிடும். காற்றால் குளிர்விக்கலாம் என்றால் விமானம் ஓடுகிற வேகமோ குறைவு. தரையில் நிற்கும்போது காற்றே இல்லை. சிலிண்டரையே சுற்றவிட்டால் காற்றைத் தேடிப் போக வேண்டாம், நின்ற இடத்திலேயே கிடைக்கும். அப்புறம், சுழலும் சிலிண்டர்களே ஓட்டத்தைச் சீராக்கும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலாகவும் வேலை செய்வதால் தனியாக ஒன்று வேண்டாம். ஏழு சிலிண்டர்கள் கொண்ட 50 குதிரைத்திறன் நோம் எஞ்சின் சுமார் 75 கிலோதான். ஓல்ட் வார்டனில் இருக்கும் 1912-ன் பிளாக்பர்ன் விமானத்தைத் தூக்குவது அந்த வகை எஞ்சின்தான்.

சிலிண்டரும் சுற்றுகிறது, தண்டும் நிற்கிறது என்றால் பிஸ்டன் எப்படி மேலும் கீழும் போகும்? எனக்கு இந்த எஞ்சினில் மிகப் பிடித்த இடம் இது. சிலிண்டர்கள் சுற்றுவது எஞ்சினின் நடு மையத்தை. பிஸ்டன்கள் சுற்றுவது கிராங்க் பின் என்ற வேறொரு மையத்தை. அது நடுவிலிருந்து சற்று விலகி இருக்கிறது. இதே வகையைச் சேர்ந்த 110 குதிரைத்திறன் லெ ரோன் எஞ்சினில் அந்த விலகல் 85 மில்லிமீட்டர். மையம் வேறான இரண்டு வட்டங்கள் சேர்ந்து சுழலும்போது ஒரு பக்கம் பிஸ்டன் சிலிண்டரின் தலையை நெருங்கும், எதிர்ப்பக்கம் விலகும். மொத்தப் பயணம் 170 மில்லிமீட்டர். வெளியே நிற்கும் நமக்கு பிஸ்டனும் வட்டம்தான் போடுகிறது. எதுவும் முன்னும் பின்னுமாக இடிக்கவில்லை. அதனால்தான் இந்த எஞ்சின் அவ்வளவு அதிராமல் ஓடுகிறது.

சிலிண்டர்களை எண்ணிப் பார்த்தால் ஏழு அல்லது ஒன்பது என்று ஒற்றைப்படையாகவே இருக்கும். நான்கு வீச்சு எஞ்சினில் எல்லா சிலிண்டரும் ஒருமுறை வெடிக்க இரண்டு சுற்று ஆகும். ஒன்பது சிலிண்டரில் ஒன்றுவிட்டு ஒன்றாக 1, 3, 5, 7, 9 என்று வெடித்துவிட்டு, நிற்காமல் 2, 4, 6, 8 என்று தொடரலாம். 80 பாகைக்கு ஒருமுறை சீராக வெடிக்கும். இரட்டைப்படை எண்ணில் இந்தக் கணக்கு இடறும்.

இப்போது எண்ணெய். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, உள்ளீடற்ற கிராங்க் தண்டு வழியாக நேரே எஞ்சினின் நடுப்பெட்டிக்குள் வருகிறது. பேரிங்குகள், இணைப்புத் தண்டுகள் எல்லாம் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. சாதாரணக் கனிம எண்ணெய் பெட்ரோலில் கரையும். பெட்ரோல் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும், உலோகத்தோடு உலோகம் உரசும். ஆமணக்கு எண்ணெய் வேறு சாதி. அதன் கொழுப்பு அமிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலெயிக் அமிலம். அதில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதி காரணமாக இந்த எண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரைவதில்லை, உலோகப் பரப்பையும் விடாமல் பற்றிக்கொள்கிறது. சூட்டிலும் அதன் பிசுக்கு அவ்வளவாகக் குறையாது.

ஆனால் உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. சுழற்சி அதை வெளிப்பக்கமாக வீசுகிறது. சிலிண்டருக்குள் போய், கொஞ்சம் எரிந்து, மீதி புகையோடு வெளியேறுகிறது. சேகரித்து மறுபடி சுற்றவிட எண்ணெய்த் தொட்டி இல்லை. எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகர மூடி இந்தச் சிதறலை விமானியின் முகத்திலிருந்து கீழ்ப்பக்கமாகத் திருப்பத்தான். அப்படியும் கண்ணாடியில் படியும். மூச்சோடு உள்ளே போய் வயிற்றைக் கலக்கிய கதைகள் ஏராளம். உலகில் ஆமணக்கு அதிகம் விளைவது இன்றும் இந்தியாவில், அதிலும் குஜராத்தில். விளக்கெண்ணெயை வைத்தியத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த நமக்கு இது ஒரு மரியாதை என்றே சொல்லலாம்.

கிளப்புவதும் தனிச் சடங்கு. மெக்கானிக் சிலிண்டர்களுக்குள் கொஞ்சம் பெட்ரோல் விட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றி உள்ளே இழுக்கவைப்பார். பிறகு "காண்டாக்ட்" என்று குரல் கொடுப்பார். விமானி அதையே திருப்பிச் சொல்லி ஸ்விட்சைப் போட்டபின், ஒரே இழுப்பு. பெரிய எஞ்சின்களுக்குக் கை போதாது. ஹக்ஸ் ஸ்டார்ட்டர் என்ற வண்டி வரும். பழைய ஃபோர்டு டி மாடலின் மேல் ஒரு நீண்ட தண்டைப் பொருத்தி, அதன் முனையை ப்ரொப்பெல்லரின் நடுவில் மாட்டிச் சுற்றிவிடுவார்கள். ஓடக்கூடிய ஒன்று இங்கே இருக்கிறது.

இறங்கும்போது கேட்கும் சத்தம் இன்னும் விசித்திரம். ப்ர்ர்ர், நிசப்தம், ப்ர்ர்ர், நிசப்தம். எஞ்சின் கோளாறு என்று பக்கத்தில் நிற்பவர்கள் பயப்படுவதுண்டு. கோளாறு ஒன்றும் இல்லை. இந்த எஞ்சின்களில் நம் வண்டிகளில் உள்ளதுபோல் வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் வசதி கிடையாது. லெ ரோனில் காற்றுக்கு ஒரு நெம்பு, பெட்ரோலுக்கு ஒரு நெம்பு. ஒன்றை மாற்றினால் மற்றதையும் சரிசெய்து, எஞ்சின் ஒத்துக்கொள்கிறதா என்று காத்திருக்க வேண்டும். தரை நெருங்கும்போது அதற்கெல்லாம் நேரமேது? அதனால் கட்டுப்பாட்டுத் தண்டிலுள்ள பொத்தானை அழுத்தித் தீப்பொறியை நிறுத்துகிறார்கள். காற்று ப்ரொப்பெல்லரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பொத்தானை விட்டால் எஞ்சின் மறுபடி பிடிக்கும். ரொம்ப நேரம் அழுத்தினால் ஆபத்து. எரியாத பெட்ரோல் மூடிக்குள் சேர்ந்து, அடுத்த பொறியில் மொத்தமாகப் பற்றிக்கொள்ளும்.

இன்னொரு வில்லங்கம் சுழற்சியிலேயே இருக்கிறது. சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது தள்ளிய பக்கம் சாயாது, அதற்குச் செங்குத்தான திசையில் நகரும். எஞ்சினும் அப்படித்தான். விமானியின் இருக்கையிலிருந்து பார்க்க அது வலஞ்சுழியாகச் சுற்றுவதால், வலப்பக்கம் திருப்பினால் மூக்கு கீழே இறங்கும். இடப்பக்கம் திருப்பினால் மேலே ஏறும். முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் சண்டை விமானமான சோப்வித் கேமல் போன்ற குட்டையான விமானத்தில் எஞ்சின், விமானி, பெட்ரோல், துப்பாக்கி எல்லாம் முன்பக்கத்தில் நெருக்கமாக இருந்ததால் இது இன்னும் கடுமை. கைதேர்ந்தவருக்கு அது சண்டையில் ஆயுதம், புதிதாகக் கற்பவருக்கு எமன்.

இந்த எஞ்சின் வகை 1918-க்குப் பிறகு நீடிக்கவில்லை. சுழலும் சிலிண்டர்கள் காற்றைக் கிழிக்கச் செலவாகும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். சுற்றுவேகத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு. அதற்கு மேல் போவதில் லாபமில்லை. அதற்குள் அலுமினிய வார்ப்பு தேறிவிட்டது. நிலையான சிலிண்டரையே காற்றால் குளிர்விக்க முடிந்தது.

போருக்குப் பின் வந்த சிறு விமானங்களின் கதை வேறு. அங்கே கவலை விலை. 1925-ல் டி ஹாவிலாண்ட் மாத் பறந்தபோது அதிலிருந்த சிர்ரஸ் எஞ்சின், போரில் மிஞ்சிய எட்டு சிலிண்டர் ரெனோ எஞ்சினில் பாதி. வடிவமைப்பாளர் ஃபிராங்க் ஹால்ஃபோர்ட் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களை மட்டும் எடுத்து, புதிய அடிப்பெட்டியில் பொருத்தினார். 60 குதிரைத்திறன், மலிவு விலை. இறக்கையை மடித்துக் கொட்டகையில் தள்ளிவிடலாம். பின்னால் வந்த ஜிப்ஸி வகை எஞ்சின்களைத் தலைகீழாகவே தொங்கவிட்டார்கள். சிலிண்டர்கள் கீழே போனதால் விமானிக்கு முன்னால் பார்வை திறந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த புஸ் மாத் விமானத்திலும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் சென்னைக்கு அதை ஓட்டிவந்தபோதும், முன்னால் ஓடியது இப்படித் தலைகீழாகத் தொங்கிய ஜிப்ஸி எஞ்சின்தான்.

கொட்டகைக்குள் போனால் இறக்கையைக் கிட்டத்தில் பாருங்கள். துணிக்குக் கீழே விலாச்சட்டங்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் மேலும் சில அங்குலத்துக்கு ஒரு சின்ன முடிச்சு, மேலே பட்டி ஒட்டி மூடியிருக்கும். மெழுகு தேய்த்த நூலால் துணியைச் சட்டத்தோடு தைத்திருக்கிறார்கள். பறக்கும்போது இறக்கையின் மேற்பரப்பில் காற்றழுத்தம் குறைந்து துணி மேல்நோக்கி இழுபடும். நூல்தான் பிடித்து வைத்திருக்கிறது. லினன் துணியின் மேல் டோப் என்ற செல்லுலோஸ் பூச்சைப் பல முறை பூசுவார்கள். காய்ந்து சுருங்கும்போது துணி விறைத்துக்கொள்ளும். துணியின் எதிரி வெயில். புறஊதா ஒளி நூலிழைகளை அறுத்துவிடும். இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்து விமானங்களில் பல வெள்ளி நிறத்தில் இருப்பது அழகுக்கு மட்டுமல்ல. பூச்சில் கலந்த அலுமினியத் தூள் ஒளியைத் தடுக்கிறது. துணி இன்னும் தாங்குமா என்று, ஸ்பிரிங் வைத்த சின்னக் கருவியால் அழுத்திச் சோதிப்பார்கள். மரச்சட்டங்களில் தலைவலி பசை. அன்று பயன்பட்டது பாலின் கேசீன் புரதத்தில் செய்த பசை. ஈரம் பட்டால் பூஞ்சை தின்றுவிடும். பிரித்துக் கட்டும்போது செயற்கைப் பிசினுக்கு மாறிவிடுகிறார்கள்.

துணி புதுசு, பசை புதுசு, சட்டத்திலும் பாதி புதுசு என்றால், பழைய விமானம் என்று எதைச் சொல்வது? இங்கே இருக்கும் சோப்வித் டிரைபிளேன் என்ற மூன்றடுக்கு இறக்கை விமானம் முழுக்க முழுக்கத் தன்னார்வலர்கள் புதிதாகக் கட்டியது. அதைச் செய்துகொண்டிருந்த காலத்தில் நூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த, அசல் விமானங்களைத் தயாரித்த தாமஸ் சோப்வித்தே, இது நகல் அல்ல, தாமதமாக உற்பத்தியான ஒரு விமானம் என்று ஏற்றுக்கொண்டார். என் கட்சியும் அதுதான். பறப்பதில் ஆபத்து இல்லாமலில்லை. 2012-ல் இங்குள்ள 1923-ன் ஹம்மிங் பேர்ட் விமானம் விழுந்து அதன் விமானி இறந்தார். பறக்கவே கூடாது என்று வாதிடுபவர்களின் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் ஓடாத எஞ்சினிலிருந்து மேலே சொன்னவற்றில் எதையும் கண்ணால் பார்க்க முடியாது.

கடைசியாகப் பறக்கவிடுவது மிகப் பழையவற்றை. 1909-ன் பிளேரியோ, 25 குதிரைத்திறன் கொண்ட மூன்று சிலிண்டர் அன்சானி எஞ்சினோடு, தன் அசல் எஞ்சினிலேயே பறக்கும் விமானங்களில் உலகிலேயே பழையது. அந்த ஆண்டு ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது இதே மாதிரியில்தான். வளைவதற்கு இதன் இறக்கையின் ஓரத்தில் அசையும் தனித் தகடு கிடையாது. கம்பிகளை இழுத்து இறக்கை முழுவதையும் முறுக்க வேண்டும். தூக்க வேண்டிய இறக்கையை முறுக்கினால் அதன் இழுவையும் கூடி, விமானம் எதிர்த் திசையில் மூக்கைத் திருப்பும். இதன் உச்ச வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர் அளவுதான்; தூக்குவிசை இழக்கும் வேகம் அதற்கு வெகு கீழே இல்லை. முரட்டுக் காற்று ஒன்று அடித்தால் சமாளிக்க மிச்சத் திறனே கிடையாது. ஆகவே இதை வளைக்காமல், ஓடுதளத்தின் நீளத்துக்குள் தாழத் தாவவிட்டு இறக்கிவிடுகிறார்கள். அதுவும் காற்று அடங்கிய மாலையில் மட்டும்.

போக நினைப்பவர்கள் மழை வருமா என்று பார்ப்பதைவிட சாயங்காலக் காற்று எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது நல்லது. நல்ல வெயில் நாளிலும் காற்றின் வேகம் காட்டும் துணிப்பை நிமிர்ந்து நின்றால் பிளேரியோ கொட்டகையை விட்டு வெளியே வராது.