லொக்: பூட்டா, பிடியா?

"டேட்டாபேஸ் இஸ் லொக்ட்" எண்டு வாற எரரைத் தமிழாக்கச் சொன்னா எல்லாரும் யோசிக்காம "தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது" எண்டுதான் போடுறது, நானும் அப்பிடித்தான் போட்டனான், திருகோணமலையில ஒரு மீன் வாடியில தராசோட சேர்த்து வச்ச ராஸ்பெரி பை எண்ட சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியில. ஒருநாள் விடியக்காலமை, போட்டெல்லாம் கரைக்கு வந்து மீன் நிறுக்கிற நேரம் பாத்து அந்த வசனம் ஸ்கிரீன்ல வந்திட்டு, வாடிக்கார அண்ணன் கோல் எடுத்து "தம்பி, பூட்டிட்டாம், திறப்பு ஆரிட்ட கிடக்கு?" எண்டு கேக்கிறார். அவர்ல ஒரு பிழையும் இல்ல. பூட்டு எண்டா எங்கட ஊர்ல ஆமைப்பூட்டு, பூட்டு இருந்தா திறப்பு இருக்கத்தானே வேணும்.

பூட்டு நல்ல பழைய சொல். பூண் எண்டதில இருந்து வந்தது, உண் ஊட்டு ஆன மாதிரி, காண் காட்டு ஆன மாதிரி. ஏர் பூட்டுறது, வண்டியில மாடு பூட்டுறது, வில்லில நாண் பூட்டுறது எல்லாம் ரெண்டைச் சேர்த்து இணைக்கிறதுதான். பள்ளிக்கூடத்தில படிச்ச பூட்டுவிற் பொருள்கோள் ஞாபகம் இருக்கா, பாட்டின்ர முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் வில்லின்ர ரெண்டு முனையும் நாணால சேர்ற மாதிரிச் சேரும், அதுக்குச் சொல்லித் தாற பாட்டு "திறந்திடுமின்" எண்டு தொடங்கி "கதவு" எண்டு முடியும். இங்கிலீஷ் லொக் அப்பிடியில்ல, அது தொடக்கத்தில இருந்தே அடைப்பு, தாழ் எண்ட பொருள்தான்.

ஆனா அந்தப் பெட்டியில கணக்கை வச்சிருக்கிற எஸ்கியூலைட் எண்ட டேட்டாபேஸ் மென்பொருளுக்குள்ள நடக்கிறது அடைப்பும் இல்ல, திறப்பும் இல்ல. 2000ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒண்டின்ர மென்பொருளுக்காகத் தொடங்கின சாமான் இது, சேர்வர் கிடையாது, எல்லாம் ஒரே பைல். அந்தப் பைலை வாசிக்கிற ஆக்கள் எத்தினை பேரும் ஒரே நேரத்தில பிடிக்கலாம், எழுதுறவர் ஒராள்தான், அவரும் கடைசியில பைலுக்குள்ள எழுதேக்க வேற ஆரும் பிடிச்சிருக்கக் கூடாது. எங்கட பெடியள் வாயில இது சரியாத்தான் வருது, "ஏதோ ஒரு ப்ரொசஸ் பைலைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது, விடுதில்ல" எண்டுதான் சொல்லுவாங்கள், ப்ரொசஸ் எண்டா ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம். அதால இதுக்குச் சரியான தமிழ் பிடி எண்டு நான் சொல்லுவன். ஷெயார்ட் லொக் பகிர்பிடி, எக்ஸ்க்ளூசிவ் லொக் தனிப்பிடி. பூட்டைப் போட்ட ஆள் செத்தாலும் பூட்டு தொங்கிக்கொண்டுதான் கிடக்கும், ப்ரொசஸ் செத்தா ஓப்பரேட்டிங் சிஸ்டம் அந்தப் பிடியைத் தானே விடுவிச்சிடும், இந்த ஒரு வித்தியாசமே காணும்.

ஐபோன்லயும் இதே கதைதான், ஷெயார்ட் பைல் ஒண்டைப் பிடிச்சபடி அப் பின்னால போய்த் தூங்கப் பாத்தா சிஸ்டம் அதைச் சாகடிச்சிடும், கிராஷ் ரிப்போர்ட்ல வாற எரர் கோட்டின்ர எழுத்தும் இலக்கமும் சேர்ந்து டெட் லொக் எண்டு வாசிக்கிற மாதிரி இருக்கும். ஆன்ட்ராய்ட்ல கூடுதலா ஒரே டேட்டாபேசை ரெண்டு மூண்டு இடத்தில தனித்தனியாத் திறந்து வச்சுத்தான் அடிபடுறது, ஒரே கனெக்ஷனை, அதாவது டேட்டாபேசைத் திறந்து வச்ச ஒரே தொடர்பை, எல்லா இடத்துக்கும் குடுத்தா சரி.

வாடியில நடந்தது என்னெண்டா, அண்டையக் கணக்கை அனுப்புற இன்னொரு புரோகிராம் அதே பைலில நூற்றுக்கணக்கான வரியை ஒரே மூச்சில எழுதிக்கொண்டு இருந்திருக்கு. பூட்டைத் திறக்கிறதுக்கு எண்டு அங்க நிண்ட பெடியன் வயரை இழுத்துப்போட்டுத் திருப்பிக் குடுத்து, பக்கத்தில ஜேர்னல் எண்டு முடியிற பைல் ஒண்டு கிடந்ததைக் கண்டு இதுதான் பூட்டு எண்டு அழிச்சிட்டான். உண்மையில அது அரைவாசியில நிண்ட எழுத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவாறதுக்கான பிரதி, அதை ஒருநாளும் அழிக்கக் கூடாது, அழிச்சதால முழு டேட்டாபேசும் கெட்டுப்போய் அந்தக் கிழமைக் கணக்கைத் துண்டுகளைப் பாத்துக் கையால திருப்பி ஏத்தினம்.

இன்னொரு சிக்கல், இந்த மெசேஜ் வாற எரரின்ர பேர் லொக்ட் இல்ல, பிஸி, இலக்கம் 5. லொக்ட் எண்ட பேரோட 6ஆம் இலக்கம் வேற இருக்கு, அது ஒரே கனெக்ஷனுக்குள்ள, இல்லாட்டி கேஷ் எண்ட தற்காலிக நினைவைப் பகிர்ற கனெக்ஷன்களுக்குள்ள வாற இழுபறி. 5 வந்தா கொஞ்சம் காத்திருந்தாலே பெரும்பாலும் தீரும். இப்ப அந்தப் பெட்டியில பிஸி டைம்அவுட், அதாவது பிடி விடுமட்டும் காத்திருக்கிற நேரம், 5000 மில்லிசெக்கன், மாற்றங்களை முதல்ல பக்கத்தில வேற பைல் ஒண்டில எழுதுற, 2010இல வந்த வால் மோடும் போட்டிருக்கு, அதால வாசிக்கிறவரும் எழுதுறவரும் ஒருத்தரை ஒருத்தர் மறிக்கிறதில்ல, எழுதுறவர் மட்டும் இப்பவும் ஒராள்தான். அதையும் தாண்டி வந்தா ஸ்கிரீன்ல வாற வசனம்: "வேறொரு வேலை கணக்கைப் பிடித்திருக்கிறது. வயரைக் கழற்றாமல் கொஞ்சம் பொறுங்கள்."