கெயின்: ஈட்டமா, பெருக்கமா?

விமானங்கள் தம் இருப்பிடத்தைத் தாமே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி அலைகளைப் பிடிக்க மொட்டை மாடியில் ரிசீவர் வைத்து விமானம் பார்ப்பவர்கள், 350 கிலோமீட்டர் எட்டிக்கொண்டிருந்தது 150 ஆகச் சுருங்கியதும் முதலில் கைவைப்பது 'கெயின்' மீதுதான். கூட்டினால் தூரம் கூடும் என்று நம்புகிறார்கள். பல நேரம் இருந்ததும் போய்விடுகிறது. குழப்பத்தில் பாதி சொல்லிலேயே இருக்கிறது: வெவ்வேறான இரண்டு காரியங்களுக்கு ஒரே பெயர்.

ஆங்கிலத்துக்கு இச்சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. நிலத்தை உழுது பயிரிடுவதும், அதனால் சம்பாதிப்பதும் அங்கே அதன் பொருள். அதற்கும் முந்தைய ஜெர்மானிய வேர் மேய்ச்சலையும் வேட்டையையும் குறித்தது. ஆக, தேடிச் சேர்ப்பதுதான் அடிப்படை. மின்னணுவியலில் அதுவே, உள்ளே போனதைவிட வெளியே எத்தனை மடங்கு வருகிறது என்ற கணக்காயிற்று, டெசிபலில் சொல்கிறோம்.

தமிழில் ஈட்டம், பெருக்கம் இரண்டும் புழங்குகின்றன. இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது, ஆனால் இடம் மாற்றாமல்.

'ஈட்டம்' பழைய சொல். 'ஈட்டம் இவறி' என்று தொடங்கும் 1003ஆம் குறளில் பொருளைச் சேர்த்துக் குவிப்பதே அதன் பொருள். ஆன்டெனா செய்வதும் இதைத்தான். அது அலைக்கு ஒரு துளி ஆற்றலும் கூட்டுவதில்லை; எல்லாத் திசைக்கும் சமமாக இருக்க வேண்டிய உணர்வை ஒரு பக்கமாகக் குவிக்கிறது. மாவு உருண்டையை அப்பளமாகத் தேய்ப்பது போல: அதே மாவு, அகலம் கூடும், தடிமன் போகும். எளிய அரை அலை டைபோலுக்கு 2.15 டிபிஐ ஈட்டம் (டிபிஐ என்பது எல்லாத் திசையிலும் சமமாகக் கேட்கும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட டெசிபல்). நீளமான 6 டிபிஐ ஆன்டெனா அடிவானத்தை நோக்கி நன்றாகக் கேட்கும். தலைக்கு மேல் போகும் விமானத்தைக் கோட்டைவிடலாம். அது பழுதல்ல.

ரிசீவருக்குள் அலைவெண்ணைத் தேர்ந்தெடுக்கும் ட்யூனரும் எல்என்ஏ என்னும் குறையிரைச்சல் பெருக்கியும் செய்வது 'பெருக்கம்'. இங்கே அலையோடு இரைச்சலும் பெருகும். ஆற்றில் பெருக்கு வந்தால் கரை உடைவதுபோல, இங்கும் அளவு மீறினால் வழியும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்.

கணினியில் செருகும் ஆர்டிஎல் டாங்கிள் என்ற ரிசீவரில் அலையை எண்ணாக்கும் மாற்றி 8 பிட். அது ஒரே நேரத்தில் தாங்கும் உச்சத்துக்கும் அடிக்கும் இடைவெளி ஏறத்தாழ 48 டெசிபல். 2 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்துக்கும் 400 கிலோமீட்டரில் பறப்பதற்கும் தூரத்தால் மட்டுமே வரும் வேறுபாடு 46 டெசிபல்! அதனால் பெருக்கத்தை அந்த டாங்கிளில் இருக்கும் ஆர்820டி ட்யூனரின் 49.6 என்ற உச்சப்படியிலேயே வைத்தால் பக்கத்து விமானத்தின் துடிப்புகள் தலைவெட்டுப்பட்டு, படிக்க முடியாமல் போகும். 900 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசிக் கோபுரம் அருகில் இருந்தால் இன்னும் மோசம்: விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் மெல்லிய அலையையும் அது அமுக்கிவிடும். பெருக்கத்தைக் குறைத்தால் எல்லை விரிகிறது என்றால் நோய் இதுதான். எல்என்ஏவுக்கு முன்னால் 1090க்கான வடிகட்டி போட்டால் தீரும். வடிகட்டியும் 2, 3 டெசிபல் தின்னும் என்பதை நினைவில் வையுங்கள்.

சரிசெய்யும் முறை எளிது. விமானச் செய்திகளைப் படிக்கும் ரீட்எஸ்பி மென்பொருள் தரும் புள்ளிவிவரத்தில் -3 டிபிஎஃப்எஸ்ஸைவிட (மாற்றி தாங்கும் உச்சத்துக்கு 3 டெசிபல் கீழே) வலுவான செய்திகள் நூற்றுக்கு எத்தனை என்று பாருங்கள். 5ஐத் தாண்டினால் பெருக்கத்தை 49.6இலிருந்து 44.5, பிறகு 42.1, 38.6 என்று இறக்குங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு முழு நாள் கொடுங்கள். காலை நெரிசலையும் நள்ளிரவையும் ஒப்பிட்டால் எதுவும் விளங்காது.

பெருக்கத்தால் ஈடுகட்ட முடியாத மூன்றாவது ஒன்று 'இழப்பு'. 10 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இந்த அலைவெண்ணில் சுமார் 6 டெசிபல் விழுங்கும். 6 டெசிபல் போனால் எட்டும் தூரம் பாதி. டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 என்றால் அதே நீளத்துக்கு 2 டெசிபல்தான். 75 ஓம், 50 ஓம் பொருத்தமின்மையால் போவது 0.2க்கும் குறைவு, அதற்காகத் தயங்க வேண்டாம். கேபிளில் தொலைந்ததை ரிசீவர் பக்கம் பெருக்கினால் இரைச்சலைத்தான் பெருக்குகிறோம். ஆகவே எல்என்ஏ ஆன்டெனாவின் காலடியில் இருக்க வேண்டும், ரிசீவரின் பக்கத்தில் அல்ல.

அந்த எல்என்ஏவுக்கு மின்சாரம் ரிசீவரிலிருந்து அதே ஆன்டெனா கேபிள் வழியாகவே போகிறது; அதை அனுப்பும் அமைப்புக்குப் பெயர் பயாஸ்-டீ. மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் எல்லாத் திசையிலும் ஒரே அடியாகத் தூரம் விழுந்ததா? பயாஸ்-டீ அணைந்திருக்கலாம். மின்சாரம் இல்லாத எல்என்ஏ வெறும் கம்பியாக விட்டுக்கொடுக்காது, அடைப்பாகிவிடும். மேல்முனையில் எல்என்ஏவைக் கழற்றி, கேபிளின் நடுக்கம்பிக்கும் உலோக உறைக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள், 4.5 முதல் 5 வோல்ட் காட்ட வேண்டும்.

மழைக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் கனெக்டரில் தண்ணீர். பச்சை படிந்திருந்தால் முனையை வெட்டிப் புதிது போட்டு, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். ஒரே ஒரு திசையில் மட்டும் குறைந்தால் கெயினைத் தொடவே வேண்டாம். அந்தப் பக்கம் புதிதாக எழும்பிய மாடியையோ தண்ணீர்த் தொட்டியையோ தேடுங்கள்.

எந்த ஈட்டமும் பெருக்கமும் தாண்டாத வேலியும் உண்டு: பூமியின் வளைவு. 11,000 மீட்டரில் பறக்கும் விமானமும் 10 மீட்டர் உயர ஆன்டெனாவும் ஒன்றையொன்று காணும் தூரம் சுமார் 445 கிலோமீட்டர். விமானம் 900 மீட்டரில் இருந்தால் 137தான்.