தாய்லாந்தில் கான்டோ வாங்கும் முன்: பணம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள்

தாய்லாந்தின் கடலோர ஊர் ஒன்றில், நில அலுவலகத்து பெஞ்சில், திருச்சியிலிருந்து வந்த ஒரு தம்பதியோடு உட்கார்ந்திருந்தேன். கணவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம். அந்த அம்மாவின் மடியில் பிளாஸ்டிக் ஃபைல். பாஸ்போர்ட் நகல், ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது என எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தார். கவுன்ட்டரில் இருந்த அதிகாரி அத்தனையையும் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டார்: பணம் அந்நியச் செலாவணியாக உள்ளே வந்ததற்கு வங்கி கொடுத்த சான்று எங்கே?

இவர்கள் அனுப்பிய பணம் தாய்லாந்து நாணயமான பாட் ஆகவே போய்ச் சேர்ந்திருந்தது. "பாட்டாகவே அனுப்புங்க சார், ரேட் நல்லா வரும்" என்று இந்தியாவில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதிகாரி ஃபைலை மூடித் திருப்பிக் கொடுத்தார். பதிவு நடக்கவில்லை. கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கி, முறையாக டாலரில் மறுபடி அனுப்பி, பத்திரம் கைக்கு வர நான்கு மாதம் ஆனது. அதற்குள் இரண்டு முறை விமான டிக்கெட்.

சட்டம் நீளமானதில்லை. வெளிநாட்டவர் தாய்லாந்தில் தன் பெயரில் பொதுவாக நிலம் வாங்க முடியாது. 1979-ஆம் வருடத்துக் கான்டோமினியம் சட்டப்படி கான்டோ, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில் ஃபிளாட், வாங்கலாம். ஆனால் ஒரு கட்டடத்தின் மொத்த ஃபிளாட் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். வாங்கும் பணம் வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணியாக வந்திருக்க வேண்டும். பட்டாயா, ஜோம்தியன் பக்கம் பழைய கட்டடத்தில் ஒரு ஸ்டுடியோ பத்துப் பன்னிரண்டு லட்சம் பாட்டுக்கே கிடைப்பதால்தான் நம்மவர்கள் அங்கே போகிறார்கள். விலை உண்மைதான். சிக்கல் விலையில் இல்லை.

பணம் அனுப்பும்போது நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும். அனுப்புகிறவர் பெயரும் பத்திரத்தில் வரப்போகிற பெயரும், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே, ஒன்றாக இருக்க வேண்டும். டாலராகவோ வேறு வெளிநாட்டுப் பணமாகவோ கிளம்பி, தாய்லாந்து வங்கியில்தான் பாட்டாக மாற வேண்டும். எதற்காக அனுப்புகிறோம் என்ற இடத்தில், இன்ன கட்டடத்தில் இன்ன எண் ஃபிளாட் வாங்க என்று எழுதியிருக்க வேண்டும். கடைசியாக, பணம் வந்து சேர்ந்த வங்கியிடமிருந்து அந்நியச் செலாவணிப் பரிவர்த்தனைப் படிவத்தை வாங்க வேண்டும். குறைந்த விலை ஃபிளாட் வாங்குகிறவர்கள் மாட்டுவது இந்த நான்காவதில்தான். தொகை சிறியதாக இருந்தால் வங்கி அந்தப் படிவத்தைத் தானாகத் தராது. நில அலுவலகத்துக்காக என்று கேட்டு, அதற்குச் சமமான கடிதம் வாங்க வேண்டும். "அந்தக் கிளையில் கேளுங்கள்", "தலைமை அலுவலகத்திலிருந்து வரணும்" என்று அலைய விடுவார்கள். பதிவு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே அது கையில் இருக்கட்டும். பின்னாளில் ஃபிளாட்டை விற்றுப் பணத்தை வெளியே எடுக்கும்போதும் இதே தாளைத்தான் கேட்பார்கள். பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

இந்தியாவிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு இந்தப் பக்கமும் ஒரு வேலி இருக்கிறது. இங்கே குடியிருக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் வழியில், அதாவது தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டத்தில், அனுப்பலாம். வெளிநாட்டில் வீடு வாங்குவதும் அதில் அடக்கம். வங்கிப் படிவத்தில் அதற்கான நோக்கக் குறியீடு எஸ்0005. வங்கியில் கேள்வி வராமல் இருக்க "குடும்பச் செலவு" என்று போடச் சொல்லும் ஏஜென்ட்களை நானே பார்த்திருக்கிறேன். போடாதீர்கள். இங்கே ஒரு நோக்கம், அங்கே வேறு நோக்கம் என்று இருந்தால் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள். கிரெடிட் கார்டில் தவணை கட்டச் சொல்வதும் இதே வகை ஆபத்துதான்.

டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டி வசூலிக்கும் வரி, பற்றி எந்த விளம்பரமும் சொல்வதில்லை. இப்போதைய விதிப்படி ஒரு வருடத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு 20 சதவீதம் வங்கியே பிடித்துக்கொள்ளும். 35 லட்சம் அனுப்பினால் 25 லட்சத்துக்கு 20 சதவீதம், அதாவது 5 லட்சம் தனியாகக் கையில் வேண்டும். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகும், மிச்சம் இருந்தால் ரீஃபண்ட் வரும்; ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும். இதைக் கணக்கில் சேர்க்காமல் அட்வான்ஸ் கொடுத்து, கடைசித் தவணைக்கு நகையை அடகு வைத்தவர்கள் உண்டு.

எல்லாவற்றையும் விட மோசமானது இது: "ரூபாயை இங்கேயே குடுத்துடுங்க, அங்க பாட்டா கட்டிடறோம்." டிசிஎஸ் இல்லை, வங்கி இல்லை, வேலை சுலபம் என்பார்கள். இது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு எதிரானது; தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். அதை விடுங்கள். அப்படிப் போன பணத்துக்கு வங்கிச் சான்று எதுவும் இருக்காது. சான்று இல்லாமல் ஃபிளாட் உங்கள் பெயரில் பதிவாகாது. பணம் கொடுத்தவர் நீங்கள், பத்திரம் வேறு யாருடையதோ.

சரி, பணம் முறையாகப் போய்விட்டது. அடுத்தது 49 சதவீதம். நீங்கள் பார்க்கும் ஃபிளாட் வெளிநாட்டவர் ஒதுக்கீட்டில் வருகிறதா என்று டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். கட்டடத்தின் நிர்வாக அமைப்புதான் அந்தக் கடிதத்தைத் தர வேண்டும். விற்பவர் வாயால் சொல்வது செல்லாது. ஒதுக்கீடு நிறைந்துவிட்ட கட்டடத்தில் அதே ஃபிளாட்டை "லீஸ்ஹோல்டு" என்று விற்பார்கள். விலை கொஞ்சம் குறைவாக இருக்கும், அந்தச் சொல் ஒப்பந்தத்தின் நடுப் பக்கத்தில் எங்கோ இருக்கும். அது வாங்குவது அல்ல, குத்தகை. தாய்லாந்துச் சட்டம் குத்தகைக்கு அனுமதிக்கும் உச்சக் காலம் 30 வருடம். "30+30+30, தொண்ணூறு வருடம் உங்களுடையது" என்பதில் முதல் 30 மட்டுமே பதிவாகும்; மீதி வெறும் வாக்குறுதி.

தோட்டத்தோடு வில்லா, தாய் கம்பெனி ஒன்று ஆரம்பித்து அதன் பெயரில் நிலம், பங்குதாரர்களை நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். அது பினாமி. அந்த ஊர்ச் சட்டத்தில் குற்றம். ஃபூகெட், சாமுய் தீவுகள் பக்கம் இப்படிப்பட்ட கம்பெனிகளைத் தோண்டித் தோண்டிப் பார்க்கிறார்கள்.

நிர்வாக அமைப்பிடம் இன்னொரு கடிதமும் வாங்க வேண்டும்: அந்த ஃபிளாட்டுக்குப் பராமரிப்புக் கட்டண பாக்கி இல்லை என்ற சான்று. அது இல்லாமல் நில அலுவலகம் பதிவு செய்யாது. குறைந்த நாட்களுக்குத்தான் செல்லும் என்பதால் சீக்கிரம் வாங்கியும் பயனில்லை. மேனேஜர் விடுமுறையில் இருக்கிறார், ஓனரே நேரில் வரட்டும் என்று இழுப்பார்கள். பழைய ஓனரின் பாக்கி உங்கள் தலையில் விழாமல் இருக்க, அந்தச் சான்று வருவது விற்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பத்திரத்தின் பெயர் ஓர் சோர் 2. மேலே கருடன் முத்திரை இருக்கும். முன்பக்கத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல் பின்பக்கம் திருப்புங்கள். அடமானம், பழைய விற்பனை எல்லாம் அங்கேதான் வரிசையாக எழுதியிருக்கும். நம் ஊர் வில்லங்கச் சான்று மாதிரி. விற்பவர் காட்டும் நகலை நம்பாமல் நில அலுவலகத்தில் உள்ள பிரதியோடு உங்கள் வக்கீலை ஒப்பிடச் சொல்லுங்கள். வக்கீல் உங்களுடையவராக இருக்க வேண்டும், ஏஜென்ட் கூட்டி வந்தவர் அல்ல.

கட்டி முடிக்காத கட்டடம் என்றால், சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டதா என்று கேளுங்கள். 80 ஃபிளாட்டோ அதற்கு மேலோ இருந்தால் அது இல்லாமல் கட்ட முடியாது. விளம்பரத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் சொன்னது ஒப்பந்தத்தின் ஒரு பகுதி என்று கான்டோமினியம் சட்டமே சொல்கிறது. பதிவுக் கட்டணம் அரசு மதிப்பில் 2 சதவீதம், பாதிப் பாதி கட்டுவது வழக்கம். அவ்வப்போது 0.01 சதவீதம் என்று சலுகை அறிவிப்பார்கள். அது தாய் குடிமக்களுக்கு மட்டும், உங்களுக்கு இல்லை.

"மாத வாடகை உத்தரவாதம்" என்ற பேச்சில் கவனம். ஹோட்டல் உரிமம் இல்லாமல் 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது அங்கே சட்டவிரோதம். அவர்கள் காட்டும் வருமானக் கணக்கு பெரும்பாலும் நாள் வாடகையை வைத்துப் போட்டது. இந்த விலையில் ஃபிளாட் வாங்கினால் தங்குவதற்கு விசா கிடைக்கும் என்று நினைப்பதும் தவறு. கிடைக்காது.

வாங்கிய பிறகு இந்திய வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும், வாடகை வராவிட்டாலும். விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 20 லட்சத்துக்குக் கீழே என்றால் அபராதம் இல்லை என்று ஆடிட்டரே சொன்னதாக ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்தத் தளர்வு வங்கிக் கணக்கு, பங்கு போன்றவற்றுக்கு. வீடு, நிலத்துக்கு இல்லை.

பதிவு நாளில் நேரில் போக முடியாதவர்கள் பவர் கொடுப்பார்கள். கான்டோவுக்கான பவர் படிவம் ஓர் சோர் 21, முழுக்கத் தாய் மொழியில் இருக்கும். "கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்க, மீதியை நாங்க நிரப்பிக்கறோம்" என்று வெற்றுப் படிவம் அனுப்புவார்கள். ஃபிளாட் எண், விலை, யாருக்கு என்ன அதிகாரம் எல்லாம் நிரப்பி, மொழிபெயர்ப்போடு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அவசரம் என்று அவர்கள் போன் செய்தால், பதிவை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.