ஃபவுண்டேஷன் ஏன் முகத்தைச் சாம்பலாக்குகிறது?

"இப்போதுதான் மேக்கப் போடக் கற்றுக்கொள்கிறேன். என் நிறத்துக்குச் சரியாக இருக்குமென்று வாங்கிய ஃபவுண்டேஷன், பூசியதும் முகத்தைச் சாம்பல் பூத்த மாதிரி காட்டுகிறது. நான் பூசுவது தப்பா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். கை மேல் பழி போடுவதற்கு முன் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

தண்ணீர், எண்ணெய் அல்லது சிலிக்கோன், இரண்டும் பிரியாமல் பிடித்துவைக்கும் ஒரு பால்மமாக்கி. இவையெல்லாம் வெறும் வாகனம். நிறம் தருபவை பெரும்பாலும் நான்கே நிறமிகள்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு என மூன்று இரும்பு ஆக்சைடுகள், வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் அத்தனை ஷேடுகளும் இந்த நான்கின் விகித விளையாட்டுதான்.

கதாநாயகனும் வில்லனும் அந்த வெள்ளைதான். ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். தோலின் மேலடுக்குக்கும் எண்ணெய்க்கும் அது ஏறக்குறைய 1.4 முதல் 1.55 வரை. டைட்டானியம் டை ஆக்சைடுக்கு, அதன் படிக வகையைப் பொறுத்து, 2.5 முதல் 2.7 வரை. வைரத்தின் எண்ணே 2.42தான்! இவ்வளவு பெரிய இடைவெளியைத் தாண்டும் ஒளி நேராகப் போக முடியாமல் நாலாபக்கமும் சிதறும். அதனால்தான் இம்மியளவு வெள்ளை நிறமி ஒரு தழும்பையே மறைத்துவிடுகிறது. துகளின் அளவும் இதில் முக்கியம். 200, 300 நானோமீட்டர் அளவில், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதியாக இருக்கும்போது சிதறல் உச்சத்தைத் தொடுகிறது. துகள் அதைவிடச் சிறுத்தால் சிவப்பு ஒளி நழுவிப் போய்விடும், நீலம் மட்டும் நன்றாகச் சிதறும். இருட்டான பின்னணியில் மெல்லிய புகை நீலமாகத் தெரிவதும், அதே புகை வெள்ளைச் சுவருக்கு முன் கண்ணுக்கே படாததும் இதனால்தான்.

இப்போது அந்தப் புகையின் இடத்தில் ஃபவுண்டேஷன் படலத்தையும், பின்னணியின் இடத்தில் தோலையும் வைத்துப் பாருங்கள். வெளிர்ந்த தோல் தானே நிறைய ஒளியைத் திருப்பி அனுப்புவதால் படலம் சிதறடிப்பது அதில் கரைந்துவிடும். கருந்தோலில், தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதிகம். அது நீலத்தையும் ஊதாவையும் மற்ற நிறங்களைவிட அதிகமாக விழுங்கும். தோல் எந்த நிறத்தை விழுங்குகிறதோ அதையே மேலே இருக்கும் வெள்ளைத் துகள்கள் திருப்பி அனுப்புகின்றன. பழுப்பின் மேல் மெல்லிய நீலவெள்ளைத் திரை. நம் கண் அதைச் சாம்பல் என்று படிக்கிறது. சில சன்ஸ்கிரீன்கள் முகத்தில் வெள்ளையடிப்பதும் இதே கணக்கில்தான்.

அப்படியானால் ஆழ்ந்த நிறங்களுக்கு வெள்ளையைக் குறைத்து, சிவப்பையும் மஞ்சளையும் கூட்ட வேண்டும். வெளிர் ஷேடில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து 'டார்க்' என்று பெயர் ஒட்டினால் கிடைப்பது சாம்பல்தான். இந்த அலட்சியம் மேக்கப்போடு நிற்கவில்லை. வெயிலில் தோல் எவ்வளவு சிவக்கிறது, கறுக்கிறது என்பதை வைத்துத் தோலை வகை பிரிக்க, தோல் மருத்துவத்தில் இன்றும் புழங்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் 1975-இல் வந்தபோது வெள்ளைத் தோலுக்கு மட்டும் நான்கு வகை இருந்தது. பழுப்புக்கும் கறுப்புக்குமான இரண்டு வகைகள் பிறகுதான் ஒட்டப்பட்டன. 'சிவப்பழகு' விளம்பரங்களில் கொட்டும் பணத்தில் ஒரு துளி கருந்தோல் ஒளியியல் ஆராய்ச்சிக்குப் போயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்பது என் கட்சி.

சரி, வாங்கும்போது என்ன செய்வது? மணிக்கட்டில் தடவிப் பார்க்காதீர்கள். அதன் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடை ஓரத்தில் இரண்டு மூன்று ஷேடுகளைக் கோடுகளாக இழுத்து, பகல் வெளிச்சத்துக்குப் போய்ப் பாருங்கள். தோலின் நிறம் மெலனினும் ரத்தத்தின் ஹீமோகுளோபினும் சேர்ந்து தருவது, புட்டியின் நிறம் இரும்பு ஆக்சைடு தருவது. ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டும் இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்து நிற்கும். கால் மணி நேரம் பொறுத்து இன்னொரு முறை பாருங்கள். நீர் ஆவியாகி, முகத்து எண்ணெய் துகள்களை நனைத்த பிறகு நிறம் சற்று ஆழமாகும். இதைப் பலரும் 'ஆக்சிடைஸ் ஆகிவிட்டது' என்கிறார்கள். சிவப்பு, மஞ்சள் நிறமிகளில் இரும்பு ஏற்கெனவே முழுக்க ஆக்சிஜனேற்றம் அடைந்ததுதான். துருவுக்கு மறுபடி எங்கே துருப்பிடிக்கும்?

பூசுவது எளிது. மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அவை காய்ந்ததும் பட்டாணி அளவு ஃபவுண்டேஷன். மூக்கருகில் தொடங்கி வெளிப்பக்கமாக, ஈர ஸ்பாஞ்சால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி. படலம் மெலிந்தால் சிதறலும் குறையும், சாம்பலும் குறையும். மறைக்க வேண்டிய புள்ளியில் மட்டும் இன்னொரு ஒற்று போதும். திரிதிரியாக உருண்டு வந்தால் அடியில் இருப்பது இன்னும் காயவில்லை, அல்லது ஒன்று நீர், மற்றது சிலிக்கோன் என இரண்டின் அடித்தளமும் ஒத்துப்போகவில்லை.

அப்புறம் பவுடர். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் கொஞ்சம். அதிலுள்ள சிலிக்காவும் டால்க்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கா பவுடர் கண்ணாடியில் நிறமே இல்லாததுபோல் இருக்கும், ஆனால் கேமரா ஃபிளாஷை அப்படியே திருப்பி அடித்து, போட்டோவில் திட்டுத்திட்டாக வெளுத்துக் காட்டும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஃபிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்துவிடுங்கள். திட்டுத் தெரிந்தால் அந்த இடத்தைப் பெரிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.